மலைநாட்டுத் தோட்டங்களில் ஒப்பந்தமும் பொறுப்பும்

இக்காலத்து வணிகக் கல்வியிலே செயற்றிட்ட முகாமைத்துவம் தனியொரு பாடமாக வளர்ந்துள்ளது. ஒரு நிறுவனம் புதிய பொறிமுறை ஒன்றைக் கைக்கொள்ள விரும்பின், அதற்கு ஆகும் செலவை எங்ஙனம் மதிப்பிடுவது, அதன் பயனையும் பாதிப்பையும் அடையும் பல தரப்பினரையும் எங்ஙனம் இணக்குவது, பணியின் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது நேரக்கூடிய இடர்களை எங்ஙனம் முன்னரே அறிந்து காப்பது என்பனவே அப்பாடத்தின் உள்ளீடு. இவை மேலைநாட்டார் அண்மையிற் கண்டுபிடித்த புதுமைகள் என்று மாணவர் சிலர் எண்ணுதல் கூடும். அஃது அவ்வாறன்று. ஒரு வினையை ஆராய்ந்து தக்கானிடத்து விடுதல் பற்றித் 'தெரிந்துவினையாடல்' எனத் தனியோர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். நம் நாட்டு வரலாற்றிலும் இப்பொருளைக் கற்பதற்கு ஏற்ற களம் ஒன்றுண்டு. அதுவே அட்டன், நுவரெலியாப் பகுதிகளை உள்ளடக்கிய மத்திய மலைநாடு. அங்கே ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகப் பெரும்பணிகள் யாவும் ஒப்பந்தத்தின் வாயிலாகவே நடந்தேறின. அவற்றுள் இலாபம் எவரைச் சென்றடைந்தது, நட்டம் எவர் தலையில் இறங்கியது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் செல்வம் கோப்பியாகவே இருந்தது. விளைந்த கோப்பியைக் கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டிகளையன்றி வேறு வழியில்லை. மழையாற் பாதை பழுதுபடினும், மாடுகளுக்கு நோய் காணினும் கோப்பி வழியிலே தேங்கும். தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் அதே வண்டிகளிலேயே மலையேற வேண்டியிருந்தமையால், வண்டிப்போக்கு நின்றால் விளைபொருளோடு உணவும் தடைப்படும். எனவே புகையிரதப் பாதை வேண்டுமென்னும் கோரிக்கை தோட்டத் துரைமாரிடையே வலுப்பெற்றது. 1845ஆம் ஆண்டிலே இலண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி நிறுவப்பட்டது. ஆயின் அடுத்த சில ஆண்டுகளிற் கோப்பி விலை வீழ்ச்சியுற்றதனால் முயற்சி தளர்ந்தது. 1854இல் இலங்கைத் தோட்டக்காரர் சங்கம் தோன்றிய பின்னரே கோரிக்கை மீண்டும் உரம்பெற்றது.

1856ஆம் ஆண்டளவில் அரசாங்கத்துக்கும் அக்கம்பனிக்கும் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. அக்காலத்து இந்தியப் புகையிரத ஒப்பந்தங்களைப் போன்றே, கம்பனி இடும் மூலதனத்துக்கு அரசாங்கம் வட்டியை உறுதிசெய்தது. பாதையை ஆராய்ந்து அறிக்கை செய்யும்படி 1857இல் கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அவர் கொடுத்த மதிப்பீடு ஏறத்தாழ 8½ இலட்சம் பவுண். 1858 ஆகஸ்ட் 3ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். அதன்பின் கம்பனியின் சொந்தப் பொறியியலாளரான டொயின் என்பார் நிலத்தை நுணுகி அளந்து கொடுத்த மதிப்பீடோ சுமார் 22 இலட்சம் பவுணாக உயர்ந்தது. முதல் மதிப்பீட்டை நம்பிக் கையொப்பமிட்டவர்கள் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட தொகையைக் கண்டு திகைத்தனர்.

இவ்விடத்திற் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். மதிப்பீடு பெருகியமைக்குக் கடுகண்ணாவைச் சரிவின் கடுமை ஒரு காரணம். நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், பாறைச் சுவரைக் குடைந்து பாதை அமைப்பது எளிதன்று. எனினும் ஒப்பந்தத்தின் அமைப்பும் ஆராயத்தக்கது. செலவு எவ்வளவு பெருகினும் இட்ட பணத்துக்கு வட்டி தவறாது கிடைக்குமாயின், சிக்கனம் செய்ய வேண்டும் என்னும் தூண்டுதல் கம்பனிக்கு எங்ஙனம் பிறக்கும்? வேலையைச் செய்பவர் ஒருவர், செலவு மிகுந்தாற் கொடுப்பவர் வேறொருவர் என்றாகிவிட்டது. கொடுப்பவராவார் இறுதியில் இலங்கையின் வரியிறுப்போரே. கோப்பி ஏற்றுமதிமீது தீர்வை விதித்துத் துரைமாரையும் செலவிற் பங்குகொள்ளச் செய்தமையால், அவர்களும் கணக்கை உற்று நோக்கலாயினர். பணம் கொடுக்கும் தரப்பினர் கணக்குக் கேட்கத் தொடங்கியதும் காரியம் திருந்தத் தொடங்கியது. 1861இல் கம்பனியுடனான தொடர்பு முடிவுக்கு வந்து, அரசாங்கமே பாதையைப் பொறுப்பேற்றது.

பொறுப்பேற்ற அரசாங்கம் தானே கூலியாட்களை அமர்த்திப் பாதை வெட்ட முற்படவில்லை. கேள்விப்பத்திரம் கோரி, டபிள்யூ. எவ். பவியல் என்னும் ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்தது. அவர் குறித்த தொகை 8¾ இலட்சம் பவுணுக்குச் சற்றுக் குறைவானது. முன்னையதும் ஒப்பந்தம், பின்னையதும் ஒப்பந்தமே. ஆயின் இரண்டிடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னையதில் விலை திறந்திருந்தது. பின்னையதில் விலை வரையறுக்கப்பட்டது. முன்னையதில் வேலையைச் செய்த கம்பனியின் பொறியியலாளரே அளவும் கூறினர். பின்னையதில் வேலை ஒப்பந்தகாரருடையதாகவும் மேற்பார்வை அரசாங்கத்தின் பிரதம பொறியியலாளருடையதாகவும் பிரிந்தன. அப்பதவியை 1862இல் ஏற்ற கில்போர்ட் மோல்ஸ்வேர்த் முன்னர்க் கம்பனியின் சேவையில் இலங்கைக்கு வந்தவர். நிலத்தையும் வேலையையும் நன்கறிந்தவர். வேலையைப் பிறரிடம் ஒப்படைத்த அரசாங்கம், அவ்வேலையை அளந்தறியும் அறிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1865இல் அம்பேபுசை வரையும் 1867இல் கண்டி வரையும் வண்டி ஓடியது.

ஒப்பந்தகாரர் பவியலின் முன்வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. அவர் இலங்கைக்கு வருமுன்னர் பம்பாய்ப் பக்கத்திலே போர்க் கணவாயிற் புகையிரதப் பாதை அமைக்கும் பணியை ஏற்றிருந்தார். அங்கே வேலை உள்ளொப்பந்தகாரர் பலருக்குப் பங்கிடப்பட்டிருந்தது. கூலி உரியவாறு கிடையாமையாற் கொதிப்புற்ற தொழிலாளர் 1859 சனவரியிற் கலகம் விளைத்தனர். அவ்வாண்டிலேயே அவர் அவ்வொப்பந்தத்தைக் கைவிட்டார். பாறையும் மழையும் தடுத்தது ஒருபுறமிருக்க, கூலி எவ்வழியாக யாரைச் சென்றடைகின்றது என்பதைக் காணாமையே பெரும்பணியைக் குலைக்கவல்லது என்பதற்கு அக்கலகம் சான்றாகும்.

கண்டிப் பாதை கோப்பிக்காக வகுக்கப்பட்டது. அது முற்றுப்பெற்ற 1867ஆம் ஆண்டிலேதான் யேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பூஞ்சணநோய் காணப்பட்டது. தொடக்கத்தில் அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. விலை உயர்ந்திருந்தமையாற் புதிய காடுகளை அழித்துக் கோப்பி நட்டுக்கொண்டே சென்றனர். பாதையும் மேலே ஏறியது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஆனால் அட்டனுக்குப் புகையிரதம் வந்த அதே 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே, கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் நோட்டுகள் நாடெங்கும் பணமாக வழங்கியமையால், தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவற்றுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்து மக்களின் அச்சத்தை நீக்கினார். கோப்பியை நம்பித் தொடங்கிய பாதை தேயிலையைச் சுமந்தே தன் செலவை ஈடுசெய்தது. இது திட்டமிட்டவரின் தீர்க்கதரிசனம் என்று கூறுதற்கில்லை. பாதை எப்பயிருக்கும் பயன்படும் பொதுச் சாதனமாக அமைந்தமையே அதனைக் காத்தது.

தேயிலை வந்தமையால் மலைநாட்டின் தொழில்முறை அடியோடு மாறிற்று. கோப்பிக் கொட்டையைத் தோட்டத்தில் உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பினால், தோல்நீக்கித் தரம்பிரிக்கும் வேலையை அங்குள்ள ஆலைகள் செய்யும். தேயிலைக் கொழுந்தோ பறித்தபின் காத்திராது. வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம்பிரித்தல் ஆகிய யாவும் தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே தொடர்ந்து நிகழவேண்டும். ஆகவே ஒவ்வொரு பெருந்தோட்டமும் ஒரு பொறித் தொழிற்சாலையாயிற்று. 1880இல் கண்டியில் ஜோன் வாக்கர் கம்பனியார் தேயிலை அரைக்கும் பொறியொன்றைச் செய்தனர். பெல்பாஸ்ட் நகரிலிருந்து டேவிட்சனின் 'சிரோக்கோ' என்னும் உலர்த்தும் பொறிகள் வந்திறங்கின. இப்பாரமான பொறிகளை மலைமேல் ஏற்றப் புகையிரதம் பெரிதும் உதவியது. 1900ஆம் ஆண்டளவிலே ஏறத்தாழ 3,84,000 ஏக்கரில் தேயிலை படர்ந்திருந்தது.

பொறிகளை வாங்குதல், பணம் திரட்டுதல், தேயிலையை ஏலத்துக்கு அனுப்புதல் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் தாமே செய்யவில்லை. இலண்டனிற் பங்குதாரரும், கொழும்பில் ஏசன்சிக் கம்பனியும், தோட்டத்தில் துரையும் என மூன்றடுக்கு முகாமை உருவாயிற்று. ஏசன்சிக் கம்பனி தோட்டத்துக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பதிலும் தரகு பெற்றது. தேயிலையை விற்றுக் கொடுப்பதிலும் தரகு பெற்றது. தோட்டம் இலாபம் காணாத ஆண்டிலும் தரகு நின்றுவிடாது. கடல் கடந்திருந்த பங்குதாரர்க்கு இதனைவிட வேறு வழியின்மையும் உண்மையே. எனினும், ஒப்படைக்கப்பட்டவரின் ஊதியம் ஒப்படைத்தவரின் நன்மையோடு இணைந்து செல்கின்றதா என்னும் வினா இம்முறையில் எப்போதும் எஞ்சி நின்றது.

இனி, இவ்வொப்படைப்புகள் எல்லாவற்றினும் பெரியதும், இன்றளவும் தன் தழும்பை விட்டுச்செல்லாததுமான ஒன்றைக் காண்பாம். அது ஆட்சேர்ப்பு. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆட்கள் திரண்டு வந்து திரும்பிச் சென்றாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே வந்துபோன கூலிகள் குடும்பத்தோடு லயங்களில் நிலைபெற வேண்டியதாயிற்று. இவர்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வருதல், வேலையிலே நிறுத்துதல், ஓடாது காத்தல் ஆகிய மூன்றையும் துரைமார் கங்காணியிடம் ஒப்படைத்தனர்.

இம்முறை இயங்கிய வகை பின்வருமாறு. துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். பெரிய கங்காணி அதனைச் சில்லறைக் கங்காணிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பார். அவர்கள் தம்மூருக்கும் சுற்றத்தார் ஊர்களுக்கும் சென்று, கடன்பட்டோரின் கடனைத் தீர்த்து, வழிச்செலவும் கொடுத்து, ஆட்களைக் கூட்டி வருவர். இச்செலவெல்லாம் இறுதியில் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்படும். வேலைக்கு வரும் ஆளொன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பின் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அவருடைய கடன் எவ்வளவு என்பதும், அதனைச் செலுத்துவோரிடம் அவர் விடுவிக்கப்படுவார் என்பதும் அச்சீட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்தே அவரைப் பெறும். மேலும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

இதனை வணிக நோக்கிற் பார்த்தால், தோட்டத்துக்கு உரிய இடர்கள் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளப்பட்டமை புலனாகும். ஆள் கிடையாமை என்னும் இடர் கங்காணியைச் சேர்ந்தது. முற்பணம் மீளாமை என்னும் இடரை அவர் தொழிலாளியின் கடனாக மாற்றினார். வழியில் நோய் கண்டு இறத்தல் என்னும் இடரோ எக்கணக்கிலும் ஏறாது தொழிலாளியின் உடலோடேயே ஒழிந்தது. கோப்பி வீழ்ந்தபோது இதன் விளைவு வெளிப்பட்டது. தோட்டம் முறிந்தால் வங்கிக்கு ஈடு உண்டு. கங்காணிக்குக் கடன் சீட்டு உண்டு. பல மாதக் கூலி பாக்கியாயிருந்த தொழிலாளிக்கு யாதுமில்லை. இக்குறையை நீக்குதற்பொருட்டே 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கூலியை மாதந்தோறும் கணக்கிட வேண்டுமென விதித்து, கூலிப்பாக்கி தோட்டத்தின்மீதுள்ள முதற் பொறுப்பு என்றும் வகுத்தது. ஈடு பெற்ற கடன்காரனுக்கும் முன்னே நிற்கும் உரிமையை உழைத்தவனுக்கு அளித்தமை, இவ்வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்க திருப்பமாகும்.

துரைமாருக்கும் இம்முறை முழு நன்மை பயக்கவில்லை. கங்காணிகள் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களை அழைத்துச் சென்று மேன்மேலும் முற்பணம் கேட்டனர். கடன்தொகை ஆண்டுதோறும் பெருகியது. முழுப் பணியையும் ஒருவரிடமே விட்டுவிட்டு, அப்பணியின் உள்வழிகளை அறியாதிருந்தமையால், துரைமார் தாம் அமர்த்தியவர்க்கே கட்டுப்பட்டோராயினர். இதற்கு மாற்றாக 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி, ஆட்சேர்ப்பின் மேற்பார்வையைத் தாமே ஏற்றனர். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியதும், ஆட்சேர்ப்பு இந்திய அரசாங்கத்தின் விதிகளுக்குட்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தொழிலாளர் தாமே ஒரு தரப்பினராக எழுந்து பேசுதற்குக் கோ. நடேசையர் போன்றோர் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு 1931இல் அமைத்த தொழிற்சங்கம் வழிகாட்டியது.

எனினும் பேசும் மேசையில் இடமில்லாதவர் நிலை என்னாகும் என்பதை 1964ஆம் ஆண்டு மீண்டும் காட்டியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 மக்களைப் பற்றி இரு நாட்டுப் பிரதமரும் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானித்தற்கென விடப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் முற்பணத்தோடு தொடங்கிய ஒப்பந்தம், அதன் இறுதிச் செலவை அம்மக்களின் பேரப்பிள்ளைகளிடமே வசூலித்தது எனலாம்.

1972இலும் 1975இலும் நிறைவேறிய நிலச்சீர்திருத்தச் சட்டங்களினால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிருவகித்தன. நட்டம் பெருகியமையால் 1992இல் அரசாங்கம் நானூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாக வகுத்து, அவற்றின் முகாமையைத் தனியாரிடம் ஒப்படைத்தது. முதலில் ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டே. தேயிலைச் செடியோ நட்டுச் சில ஆண்டுகள் கழிந்தே பயன்தரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நிற்பது. ஐந்தாண்டில் வெளியேறக்கூடியவர் பழஞ்செடியைப் பிடுங்கிப் புதுச்செடி நடுவாரா? ஒப்பந்தத்தின் காலமும் பயிரின் காலமும் பொருந்தவில்லை. இதனையுணர்ந்தே 1995 தொடக்கம் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டு, 53 ஆண்டுக் குத்தகை நிலைபெற்றது. நிலம் அரசினதாகவும், முகாமை கம்பனியினதாகவும் பிரிந்து நிற்கையில், லயத்தின் கூரை யாருடைய பொறுப்பு என்னும் வினா மட்டும் இருவரிடையே அலைந்துகொண்டிருக்கின்றது. கூலிப் பிணக்கில் 2021இல் சம்பள நிர்ணய சபையே தலையிட்டு நாட்சம்பளம் 1000 ரூபா என விதிக்க நேர்ந்தமையும் இத்தொடரைச் சேர்ந்ததே.

அண்மைக்காலத்துப் பொறிமுறை மாற்றம் ஒன்றையும் சேர்த்து நோக்குவோம். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், வாய்விட்டு விலைகூறும் முறையிலேயே நெடுங்காலம் நடந்தது. அதனைக் கணினிக்கு மாற்றும் எண்ணம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் கைகூடவில்லை. 2020இற் கொள்ளைநோயால் ஊரடங்கு வந்து ஏலம் நின்றபோது, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே இணையவழி ஏலம் தொடங்கிற்று. ஏலம் நின்றால் விற்பவர், வாங்குபவர், தரகர், அரசாங்கம் ஆகிய யாவர்க்கும் ஒருங்கே நட்டம். நட்டம் பொதுவாயினமையால் உடன்பாடும் விரைவிற் பிறந்தது. பொறிமுறை தடையாயிருந்திருப்பின் அது சில நாளில் நீங்கியிராது. தரப்பினரின் தயக்கமே தடையாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இதுகாறும் கூறியவற்றாற் சில உண்மைகள் தெளிவாகும். மதிப்பிடுபவரும் செலவழிப்பவரும் ஒருவரேயானால் மதிப்பீடு நம்பத்தக்கதன்று. வேலையைப் பிறரிடம் விடினும் அதனை அளந்தறியும் அறிவைக் கைவிடலாகாது. ஒப்பந்தத்தின் காலம் வேலையின் இயல்புக்குப் பொருந்த வேண்டும். யாவற்றினும் மேலாக, பணியை ஒப்படைக்கலாம். அதனால் விளையும் துன்பத்துக்குரிய பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது. கீழே தள்ளிய இடர் அழிந்துபோவதில்லை. அது மிகவும் எளியவரிடம் சென்று தங்கி, பல்லாண்டு கழித்து நாட்டின் பிணக்காக மீண்டெழும்.

நம் கல்லூரி மாணவருள் வணிகமும் பொறியியலும் கணினியியலும் கற்போர் நாளை பல ஒப்பந்தங்களை எழுதவும் கையொப்பமிடவும் போகின்றனர். அவருட் சிலர் மலைநாட்டுத் தோட்டங்களிற் கொழுந்தை நிறுக்கும் மின்தராசுக்கும், வேலைநாளைப் பதியும் கணினிக்கும் திட்டம் தீட்டுவர். அத்திட்டத்தில் தராசு தவறினால் எவர் கணக்கிற் குறையும், பதிவு பிழைத்தால் எவர் சம்பளம் நிற்கும் என்னும் வினாக்களை முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்வாராக. கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அழைத்து அவ்வினாக்களுக்கு விடை கேட்பாராக. 1889ஆம் ஆண்டின் சட்டம் கூலியை முதற்பொறுப்பாக வைத்தது. அதற்குப் பின் வரும் திட்டங்கள் அதனினும் தாழ்ந்த நெறியைக் கொள்ளுதல் நமக்குச் சிறப்பாகாது.